முப்பதாவது முட்டை எங்கே போனது?

கரட்டுப்புதூர்,
நாமக்கல் மாவட்டம்.
ஆடி 16, வெள்ளிக்கிழமை.

மேட்டூரில் வசிக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி கைலாசம் அவர்களுக்கும் சம்பந்தியம்மா நல்லம்மாள் அவர்களுக்கும் வேலுமணி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், வசந்தாமணி, மகன் நவீன்குமார், மூன்று கொட்டகையிலும் உள்ள பன்னிரண்டாயிரம் கோழிகள் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, சம்பந்தியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த பிறகு டிவி தெளிவாகத் தெரிகிறதா என்று அறிய ஆவல். அணையில் தண்ணீர் ஏறி வருவதாகப் பேப்பரில் படித்தேன், மிகவும் சந்தோஷம். சுகம் என்று எழுதினேனே தவிர, கோழிகள்தான் உண்மையில் சுகம். மனிதர்களில், அதிலும் என்னில், சுகம் குறைவு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் நடுநடுவே "அப்படிங்களா, அப்படிங்களா" என்பீர்கள், எனக்கு வரிசை தப்பிவிடும். அனல் மின் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர் நீங்கள், எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவீர்கள் என்று கேள்வி. அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டு, பிறகு காரணம் சொல்கிறேன். மருமகள் சௌந்தர்யா போன சனிக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். ஏன் வந்தாள் என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள், அவ்வளவு நல்ல பெண். காரணம் நான்தான். அவளைத் திரும்ப அனுப்பி வைக்க வேண்டும். அவள் வராவிட்டால் நவீன்குமார் பண்ணையை விட்டுவிட்டு பெங்களூருக்கே போய் முன்பு பார்த்த வேலையில் சேர்ந்துவிடுவான், மூன்று கொட்டகையில் நானும் கோழிகளும்தான் மிஞ்சுவோம். எல்லாம் ஒரே ஒரு முட்டையால் வந்தது.

ஓசூர்ப் பக்கம் ஒரு கேக் கம்பெனி இருக்கிறது. வருடம் முழுக்க நம்மிடமே முட்டை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நவீன்குமார் நாலு மாதமாக அலைந்து பிடித்த இடம். ஆனால் அவர்களுக்குப் பெரிய முட்டை வேண்டாம், சின்ன முட்டையும் வேண்டாம், ஒரே மாதிரி முட்டை வேண்டுமாம். உடைத்து ஊற்றுவது மெஷின் ஆகையால் அதற்கு அண்ணன் தம்பி வித்தியாசமெல்லாம் ஆகாதாம். அதனால் கட்டம் கட்டமாக ஒரு எக்செல் ஷீட்டை அனுப்பி, ஒரு அட்டை முட்டையை ஒவ்வொன்றாக எடை போட்டு, அந்த முப்பது எடையையும் கட்டத்தில் ஏற்றி, கீழே வேரியன்ஸ் என்கிற கணக்கைப் போட்டு அனுப்பச் சொன்னார்கள். அது ஒன்பதைத் தாண்டக் கூடாது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இதற்கு விலக்க வர்க்கச் சராசரி என்று போர்வெல் குழாய் நீளத்துக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். சௌந்தர்யா எனக்குச் சுருக்கமாகவே சொன்னாள்: "சராசரி எடையில இருந்து ஒவ்வொரு முட்டையும் எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பாக்கணுங்க மாமா. அதை அதாலயே பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி வகுத்தா வருமுங்க. முட்டையெல்லாம் ஒரே மாதிரி இருந்தா சின்ன நம்பர், கண்டபடி இருந்தா பெரிய நம்பர்." இவ்வளவுதானே என்று நானே முன்னால் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

முப்பது முட்டையை எதற்கு வீணாக எடை போட வேண்டும், பண்ணையில் நல்ல முட்டையாக ஒன்றைப் போட்டால் போதாதா என்று ஐம்பத்திநாலு கிராம் என்று ஒரே ஒரு கட்டத்தில் அடித்து, சௌந்தர்யா சொல்லித்தந்த பங்ஷன் என்கிற சூத்திரத்தைத் தட்டினேன். முதலில் வேலி மாதிரி ஒரு குறி போட்டு, டிவ் என்று எழுதி, ஒரு கோடு கிழித்து, பூஜ்யம் வைத்து, கடைசியில் ஆச்சரியக்குறியும் போட்டுக் காட்டியது. கம்ப்யூட்டரே ஆச்சரியப்படுகிற அளவுக்கு நம்ம முட்டை நல்ல முட்டை என்று நினைத்து சுப்பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுப்பையன் நம் பண்ணையில் பதினெட்டு வருடமாக இருக்கிறவர், அவரும் பார்த்து "பூஜ்யங்க, ரொம்ப சுத்தமுங்க" என்றார். சௌந்தர்யா வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க மாமா, ஒரே ஒரு முட்டையைக் குடுத்து, நீ எவ்வளவு மாறுபடறேன்னு கேட்டா, அது யாரைப் பாத்து மாறுபடுமுங்க? அதுக்குப் பதில் சொல்லத் தெரியாமத்தான் கத்துது" என்றாள். நானும் சிரித்தேன். அப்போது எனக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் அவளுக்குத் தெரியாமல் நானும் சுப்பையனும் மூன்று கொட்டகையையும் சுற்றி ஒரே அளவு முட்டையாகத் தேடித் தேடி, தராசில் வைத்து வைத்துப் பார்த்து, ஐம்பத்திநாலுக்கு மேலே போனதையும் கீழே வந்ததையும் ஒதுக்கிவிட்டு ஒரு அட்டை சேர்த்தோம். மாதிரி கேட்டால் இருப்பதில் நல்லதாய்க் கொடுப்பதுதானே நம்ம பக்கத்து வழக்கம், மஞ்சளானாலும் வெல்லமானாலும் அப்படித்தானே கொடுத்திருக்கிறோம். வேரியன்ஸ் புள்ளி மூன்று வந்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். சௌந்தர்யா அந்த அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமா, எங்கப்பா ஊடு பாக்க வந்தப்ப நீங்க காட்டுன ஊடு மாதிரியே இருக்குதுங்க இந்த அட்டை" என்றாள். சம்பந்தி, நீங்கள் வீடு பார்க்க வந்த அன்று நடுக்கூடத்தில் உட்கார்ந்தீர்களே, அந்தப் பச்சை சோபா எங்களுடையது அல்ல. எதிர் வீட்டில் இரவல் வாங்கிப் போட்டது. நீங்கள் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் எங்கள் தீவன மூட்டைகள் எதிர் வீட்டில் இருந்தன. எல்லாவற்றையும் சொல்வது என்று உட்கார்ந்துவிட்டதால் இதையும் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, பொறுக்காமல் எடுக்க வேண்டும் என்றாள். எந்த முட்டைக்கும் அட்டையில் வந்து உட்கார ஒரே மாதிரி வாய்ப்பு இருக்க வேண்டுமாம். அதற்காக சுப்பையன் தலைத்துண்டை அவிழ்த்து அவருடைய கண்ணையே கட்டி, அன்றைக்கு வந்த பத்தாயிரம் முட்டைக்கு நடுவே விட்டோம். முதல் கையிலேயே இரண்டை நசுக்கிவிட்டார். கண்ணைக் கட்டிவிட்டுத் திட்டுவது நியாயமில்லை என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதில் வேறு இரண்டை எடுத்து வைத்து, முப்பதையும் நானே இரண்டு தடவை எண்ணி, எடை போட்டுச் சொல்ல, சௌந்தர்யா கட்டத்தில் ஏற்றினாள். நாற்பத்தொன்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வரைக்கும் எல்லா எடையும் இருந்தது. பங்ஷனைத் தட்டினாள். ஒன்பது புள்ளி ஒன்று பூஜ்யம்.

ஒன்பதைத் தாண்டக் கூடாது என்ற இடத்தில் ஒன்பது புள்ளி ஒன்று. நவீன்குமார் முகம் அப்படியே சுருங்கிப் போய்விட்டது. நான் விடுவதாயில்லை, கணக்கைக் கையாலேயே போடு சாமி, நான் பார்க்கிறேன் என்றேன். அவளும் பொறுமையாகக் காகிதத்தில் போட்டுக் காட்டினாள். எல்லா விலகலையும் பெருக்கிக் கூட்டினால் இருநூற்று அறுபத்துநாலு வந்தது. சரி, முப்பதால் வகு என்றேன். அவள் இருபத்தொன்பதால் வகுத்தாள். எனக்கு அங்கே நெஞ்சில் ஒரு திருகு விழுந்தது. நாமக்கல் ஜில்லாவில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் ஒரு அட்டைக்கு முப்பது முட்டை என்று சொல்லும். பொழுது விடிந்து பொழுது போனால் முப்பது முப்பதாக எண்ணியே என் விரலெல்லாம் தேய்ந்திருக்கிறது. முப்பதாவது முட்டை எங்கே போனது? யோசித்துப் பார்த்ததும் பளிச்சென்று புரிந்துவிட்டது. உடைசல்! லோடு இறக்குகிற இடத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான். அட்டைக்கு ஒன்று உடைசல் என்று வாங்குகிறவன் கழித்துக்கொள்வான், நாமும் பேசிப் பேசிக் குறைப்போம். இவர்கள் அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் நம்முடைய அட்டையில் உடைசல் ஏது? சுப்பையன் நசுக்கிய இரண்டுக்கும் பதில் வைத்தாகிவிட்டதே.

இதைச் சொன்னேன். சௌந்தர்யா, "உடைசல் இல்லீங்க மாமா" என்று ஆரம்பித்து ஏதோ விளக்கினாள். "சராசரி என்னன்னு முதல்லயே முடிவாயிருச்சுன்னா, இருபத்தொம்போது முட்டைதானுங்க இஷ்டத்துக்கு இருக்க முடியும். கடைசி முட்டைக்குன்னு தனியாச் சொல்றதுக்கு ஒண்ணுமே மிஞ்சாதுங்க. மத்ததெல்லாம் விட்டதுதான் அதுக்கு. அதனாலதான் ஒண்ணக் கழிக்கறது" என்றாள். என் முட்டைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று நீ எப்படிச் சொல்லலாம் என்று கேட்டேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியவன் நான். அவள் இன்னொரு தடவை சொன்னாள். எனக்கு இன்னொரு தடவையும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று ஒத்துக்கொண்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

அன்று மத்தியானம் எல்லோரும் கண் அசந்திருந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வார் என்று அடித்தால் கீழே ஒரு பட்டியல் விழுகிறது. அதில் வார் டாட் எஸ் என்று ஒன்று, சௌந்தர்யா போட்டது. அதற்கு மேலேயே வார் டாட் பி என்று இன்னொன்று. ஒரே எழுத்துதான் வித்தியாசம். பி-யைத் தட்டினேன். எட்டு புள்ளி எட்டு பூஜ்யம்! முப்பதால் வகுத்த கணக்கு, என் முப்பதாவது முட்டை பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கே நியாயம் தெரிகிறது, படித்தவர்களுக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே அந்த ஷீட்டை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்புகிற பட்டன் எது என்று தேடத்தான் அரை மணி நேரம் ஆனது.

மறுநாள் வெள்ளிக்கிழமை சௌந்தர்யா அதைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. "மாமா, பி போடணும்னா நம்ம பண்ணையோட பத்தாயிரம் முட்டையையும் எடை போட்டிருக்கணுங்க. நாம போட்டது ஒரு அட்டை. ஒரு அட்டையை வெச்சு மொத்தப் பண்ணையையும் சொல்றப்ப, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லணும். இல்லாட்டி நம்ம கண்ணை நாமே கட்டிக்கறோமுங்க" என்றாள். சுப்பையன் அப்போது பக்கத்திலேயே நின்றார். வேலைக்காரர் முன்னால் மருமகள் திருத்துகிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது, அதுதான் உண்மை. வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "உங்கப்பா ஊட்ல இருந்து கொண்டாந்த கணக்கை உங்கப்பா ஊட்லயே வெச்சுக்க சாமி, எங்க அட்டைக்கு முப்பதுதான்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் நான் தீவனம் பார்த்துவிட்டு வருவதற்குள் பையோடு பஸ் ஏறிவிட்டாள். வைத்துக்கொள் என்றேன், வைத்துக்கொள்ளப் போய்விட்டாள். சம்பந்தி, என் வாயால் நான் இதற்கு முன்பும் நிறைய இழந்திருக்கிறேன், ஆனால் அதெல்லாம் திரும்பக் கிடைத்த சாமான்கள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. வசந்தாமணியிடம் "ஏதாவது சொல்லிட்டுப் போனாளா?" என்று கேட்டால், "சொல்லிட்டுத்தான் போனா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நவீன்குமாரிடம் "சௌந்தர்யா எப்படி இருக்கிறாள்?" என்றால், "நல்லா இருக்குதுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொள்கிறான், தோள் இரண்டும் குலுங்குகிறது. பெற்ற மகன் அழுவதைப் பார்க்க முடியாமல் நான் கொட்டகைப் பக்கம் போய்விடுவேன். கம்ப்யூட்டர் மேலே அவள் ஒட்டிவிட்டுப் போன சின்ன மஞ்சள் காகிதம் ஒன்று இருந்தது. 'மாமா, பங்ஷனை மாத்தாதீங்க, அட்டையை மாத்துங்க. இரண்டாம் கொட்டகை மட்டும்.' கோபமாகப் போகிறவள் கூட எனக்கு வழி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. யோசித்தால் சரிதான். ஒன்றாம் கொட்டகைக் கோழிகள் வயதானவை, பெருசாக இடும். மூன்றாவது இப்போதுதான் இட ஆரம்பித்திருக்கிறது, சின்னதாக இடும். மூன்றையும் கலந்து அட்டை போட்டுவிட்டு முட்டை ஒரே மாதிரி இல்லை என்று கணக்கின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் கொட்டகையில் மட்டும், சுப்பையன் கண்ணை மறுபடியும் கட்டி, ஒரு அட்டை எடுத்தோம். இந்தத் தடவை ஒன்றும் உடையவில்லை, அவருக்கும் பழகிவிட்டது. ஒற்றை விரலால் முப்பது எடையையும் நானே ஏற்றி, எஸ்ஸையே தட்டினேன். ஏழாயிரத்து முந்நூறு என்று வந்தது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. சுப்பையன் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். பிறகு நிதானமாகப் பார்த்தால், ஐம்பத்திரண்டு கிராம் என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம் கூடப் போய், ஒரே ஒரு கோழி மட்டும் அரைக் கிலோவுக்கு மேல் முட்டை இட்டதாக இருந்தது. பூஜ்யத்தை எடுத்தேன். நாலு புள்ளி ஆறு! இருபத்தொன்பதால் வகுத்தும் நாலு புள்ளி ஆறு. சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. சுப்பையனிடம்தான் சொன்னேன். அவர் "அம்மிணி இருந்திருக்கணுமுங்க" என்றார். அவர் சொன்னது என்னை என்னவோ செய்தது.

புதன்கிழமை திடீரென்று கம்பெனியிலிருந்தே தீபிகா என்று ஒரு பெண் வந்து இறங்கியது. தரம் பார்க்கிற அதிகாரியாம், நம்ம சௌந்தர்யா வயதுதான் இருக்கும். கையில் இரண்டு ஷீட் வைத்திருந்தது. ஒன்று நான் அனுப்பிய எட்டு புள்ளி எட்டு. இன்னொன்று சௌந்தர்யா வெள்ளிக்கிழமை சாயங்காலமே அனுப்பியது: முதலில் வந்த கணக்கு தவறு, சரியானது ஒன்பது புள்ளி ஒன்று, மூன்று வெவ்வேறு வயதுக் கோழிகளின் முட்டை கலந்ததுதான் காரணம், இனி இரண்டாம் கொட்டகை முட்டை மட்டும் தருவோம் என்று. தவறு யாருடையது என்று ஒரு எழுத்து இல்லை. நான் போலீஸ் முன்னால் நிற்கிறவன் போல நின்றேன். அந்தப் பெண் சிரித்தது. "சார், எட்டு புள்ளி எட்டு எங்களுக்கு நிறையப் பேர் அனுப்புவாங்க. எட்டு புள்ளி எட்டு தப்பு, ஒன்பது புள்ளி ஒண்ணுதான் சரின்னு இதுவரைக்கும் யாருமே அனுப்பினதில்லை. அதைப் பார்த்துட்டுத்தான் நேர்ல வந்தேன்" என்றது. அதுவே ஒரு அட்டை எடுத்து எடை போட்டது, நாலு புள்ளி ஒன்பது வந்தது. மூன்று மாதம் எடுத்துப் பார்க்கிறோம், பிடித்தால் வருடம் முழுக்க என்று சொல்லிவிட்டது. ஒரே நிபந்தனை. வாரா வாரம் அந்த ஷீட்டைப் போட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியது சௌந்தர்யா. "மேடம் எங்கே சார்?" என்று கேட்டது. அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. கம்பெனிக்காரர் சரி என்று சொன்னதைக் கொண்டாட நேற்று வசந்தாமணி பருப்பும் வெல்லமும் வைத்த ஒப்பிட்டு சுட்டாள். பன்னிரண்டு. நான், நவீன்குமார், சுப்பையன், அவள், ஆக நாலு பேர். ஆளுக்கு மூன்று என்று நினைத்துத்தான் சுட்டிருக்கிறாள். நெய் வாசனையில் நான் ஐந்து தின்றுவிட்டேன். நவீன்குமார் நாலு. சுப்பையன் மரியாதைக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டார். கை கழுவிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், வசந்தாமணி தட்டில் ஒன்று இருந்தது. அந்த நிமிடம் எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது, சம்பந்தி. சராசரி மூன்று என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. மூன்று பேர் இஷ்டத்துக்கு எடுத்தோம். நாலாவது ஆளுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை, மற்றவர்கள் விட்டதுதான் அவளுக்கு. சௌந்தர்யா படித்துப் படித்துச் சொன்னது இதைத்தான். வீட்டில் நாலு பேர் இருந்தாலும் இஷ்டப்படி இருந்தது மூன்றே பேர். "ஏம்புள்ள, எப்பவுமே நீ மிஞ்சினதத்தான் திங்கறயா?" என்று கேட்டேன். "வேற எப்படித் திங்கறதுங்க?" என்றாள், கேள்வியே விளங்காதவள் போல. "எத்தன வருசமா?" என்றேன். "கலியாணம் ஆயி முப்பத்தொரு வருசமாச்சே" என்று சொல்லிவிட்டு அந்த ஒன்றைப் பிய்த்து எனக்குப் பாதி நீட்டினாள். முப்பதாவது முட்டை எங்கே போனது என்று ஊரைக் கூட்டிக் கேட்டேனே, அது முப்பத்தொரு வருடமாக என் அடுப்படியிலேயே நின்றிருக்கிறது.

இன்று காலையில் ஒரு முடிவு செய்து, எல்லோருக்கும் முன்னால் வசந்தாமணியை உட்கார வைத்து, முதலில் நீ எடுத்துக்கொள் என்று தோசைத் தட்டை அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நவீன்குமார் வற்புறுத்தியதும் நாலு எடுத்துக்கொண்டாள், அவன் ஆறு. எனக்கு ஒன்றுதான் மிஞ்சியது. பத்து மணிக்கெல்லாம் பசி எடுத்துவிட்டது. கடைசி முட்டையாக இருப்பது என்னவென்று அப்போதுதான் வயிற்றுக்குத் தெரிந்தது.

ஆகவே சம்பந்தி, சௌந்தர்யாவிடம் இந்தக் கடிதத்தை அப்படியே காட்டுங்கள். அவள் கணக்கு அவளுடைய அப்பா வீட்டிலிருந்து வந்ததுதான், அதை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள எங்களுக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். முன்னறையில் இருந்த தீவன மூட்டைகளையெல்லாம் வெளியேற்றி, வெள்ளையடித்து, மேசை, சுழலும் நாற்காலி போட்டிருக்கிறேன். இந்தத் தடவை எதுவும் இரவல் இல்லை. கதவில் சௌந்தர்யா எம்.எஸ்ஸி. என்று பலகை மாட்டியாகிவிட்டது. எஸ் வேண்டிய இடத்தில் எஸ், பி வேண்டிய இடத்தில் பி, நான் ஒரு பட்டனையும் தொட மாட்டேன். அவளை எனக்கு ரொம்பத் தேடுகிறது, சம்பந்தி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு இரண்டாம் கொட்டகையிலிருந்து ஒரு அட்டை முட்டையும் நம் வேன் டிரைவர் வசம் கொடுத்தனுப்புகிறேன். முப்பது, நானே எண்ணினேன். உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்கவும் நிமிரவும், சம்பந்தியம்மா கண்ணுக்கு எல்லாம் நல்லதாகவே தெரியவும், நம் இரண்டு வீட்டுக் கதவும் என்றைக்கும் திறந்தே இருக்கவும் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தாழ்மையுள்ள சம்பந்தி,
வேலுமணி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் மேலே எழுதியதை வசந்தாமணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சௌந்தர்யா கோபித்துக்கொண்டு போகவே இல்லையாம். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாளாம், ஒரு மாதம் முன்னாலேயே பேசி வைத்ததாம். இந்தக் கடிதத்தின் தலையில் ஆடி 16 என்று என் கையாலேயே எழுதிவிட்டு எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். "மாமா கிட்டச் சொல்லிருங்க அத்தைன்னு சொல்லிட்டுத்தான் போனா. நாந்தான் சொல்லல. ஒரு வாரம் உங்களையும் தராசுல வெச்சுப் பாக்கலாமுன்னு" என்கிறாள். நவீன்குமார் தோள் குலுங்கியதும் அழுகை இல்லையாம். சௌந்தர்யாவுக்குக் கோபம் கொஞ்சம் இருந்ததாம், பஸ் சங்ககிரி தாண்டுவதற்குள் போய்விட்டதாம். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவளே வருகிறாளாம். ஆக நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். வசந்தாமணி விடவில்லை, சோபா விஷயம் உட்பட ஒரு எழுத்துக் குறையாமல் போக வேண்டும் என்று அவளே உறையை ஒட்டப் போகிறாள்.

இன்னொன்று. அட்டையில் முப்பது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டு இருபத்தொன்பது என்று படித்துக்கொள்ளுங்கள். உடைசல் இல்லை, கணக்குப் பிழையும் இல்லை. கயிறு கட்டும்போது வசந்தாமணி வந்து, "இருங்க, எனக்கு ஒண்ணு வேணும்" என்று ஒரு முட்டையை எடுத்துக்கொண்டாள். உங்களுக்கெல்லாம் முன்னால் எடுத்தாள், சம்பந்தி. இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்தாள்.